மட்டக்களப்புத் திருவிழா வீடியோ: படம் சரி, பாட்டுக் கேட்குமா?

மட்டக்களப்பு, கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று இலங்கையின் கிழக்குக் கரையோரம் நெடுக கலியாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்கள் பல இப்போது கோயில் வேலையும் ஏற்கின்றன. இரண்டு மூன்று கெமரா, ஒரு ட்ரோன், கேட்டால் முகநூல் நேரலை. முடிவில் ஒன்றரை மணி அல்லது இரண்டு மணி நேரத் தொகுப்பு ஒன்று பென் டிரைவில் வரும். கோயில் நிர்வாகமோ வெளிநாட்டில் இருக்கும் உபயகாரரோ காசு கொடுப்பார். ஊரை விட்டுப் போனவர்களுக்காகத் தொடங்கிய இந்தச் சேவை, யாரும் திட்டமிடாமலே, கிழக்கின் இசையை வெளியாள் ஒருவர் முதன்முதலாகக் கேட்கும் வழியாகிவிட்டது. கண்ணகி அம்மன் சடங்கின் குளிர்த்திப் பாடலோ, வடமோடிக் கூத்தில் ஒரு பாத்திரம் களரிக்கு வரும் வரவுப் பாட்டோ எப்படி இருக்கும் என்று கொழும்பிலும் லண்டனிலும் தேடுகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இப்படி எடுத்த விழாப் படம்தான்.

ஆகவே இதைப் படச் சேவையாக மட்டும் பார்க்காமல், இசைப் பதிவாகவும் வைத்து மதிப்பிடுகிறோம். படம் என்ற அளவில் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். இசைப் பதிவு என்ற அளவில், கேட்டு வாங்கத் தெரிந்தவருக்கு மட்டுமே பரிந்துரைப்போம். சும்மா "வழக்கமான பக்கேஜ்" என்று சொல்லிவிட்டு வந்தால் அழகான ஊமைப் படம்தான் மிஞ்சும்.

படத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இரவு வெளிச்சத்தில் நல்ல லென்ஸோடு எடுக்கிறார்கள், நிறம் திருத்துகிறார்கள். கொக்கட்டிச்சோலைத் தேரோட்டமோ மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தமோ மேலிருந்து காட்டப்படும்போது அந்தச் சனத்திரளின் அளவு விளங்குகிறது. ஒரேயொரு குறை, சீரியல் லைட்டும் மலிவான எல்இடியும் இருக்கும் இடங்களில் திரையில் பட்டை பட்டையாக ஓடுவது. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 25 பிரேமில் எடுத்து ஷட்டரை 1/50 அல்லது 1/100 இல் வைத்தால் பெரும்பாலும் தீரும். 30 பிரேம், 1/60 என்று வைத்துவிட்டு வருகிற கெமராக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒலிதான் பிரச்சினை. இந்த நிலத்தின் இசை என்ன மாதிரியானது என்று தெரிந்தால்தான் ஏன் பிரச்சினை என்பதும் தெரியும்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று ஊருக்கு ஊர் நடக்கும். கோயில் கதவு திறந்து, கல்யாணக்கால் என்ற சடங்குக் கம்பம் நட்டு, கடைசியில் குளிர்த்தி. மதுரையை எரித்து வந்த தாயின் கோபத்தைக் குளிர வைக்கப் பாடும் பாட்டு அது. பாடுகிறவரின் குரல் ஒரு புறம், பறையும் சொர்ணாளி என்ற ஊதுகுழலும் இன்னொரு புறம், இடையில் பெண்களின் குரவை, கோயில் மணி, சனத்தின் அரோகரா. அத்தனையும் ஒரே நேரத்தில், ஒரு சின்ன முன்றலுக்குள். அதிகம் சத்தமில்லாத பகுதியும் உண்டு. சடங்கு நாட்களில் கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரை என்ற பாட்டு நூலைப் படிப்பார்கள். கடலோட்டுக் காதை, வழக்குரைத்த காதை என்று ஒருவர் ஏட்டிலோ புத்தகத்திலோ பார்த்து ராகமாகப் படிப்பார். பார்வைக்கு அங்கே ஒன்றும் நடக்காது. ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். அதனால் கெமராக்காரர் இரண்டு நிமிடம் எடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். தொகுப்பில் அது இருபது செக்கன் வரும். நாங்கள் பார்த்த வரையில் இந்தப் படங்களின் ஆகப் பெரிய இழப்பு இதுதான். குளிர்த்தியை எல்லாரும் கைபேசியிலாவது பிடித்துவிடுகிறார்கள். வழக்குரையின் ஒரு காதையை முழுதாகப் படித்த குரல், அந்த ஊருக்கே உரிய இழுப்போடு, மிக அரிதாகத்தான் கிடைக்கிறது. ஒரு கெமராவைக் குறைத்துக்கொண்டாவது இதைப் பதியச் சொல்லுங்கள். ஒரு ரெக்கோடரும் ஒரு ஸ்டாண்டும் போதும். படமே தேவையில்லை.

கூத்து அதைவிடச் சிக்கலானது. வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தின் நடுவில், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் மத்தளகாரரும் சல்லரி என்ற தாளம் போடுபவரும் பிற்பாட்டுப் பாடுவோரும் நிற்க, கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவார்கள். சனம் நாலு பக்கமும் இருக்கும். கூத்தர் ஒரு அடியைப் பாட, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாட, மத்தளம் இரண்டையும் இழுத்துச் செல்லும். காலில் கட்டிய சதங்கையும் தாளக் கருவிதான்; கூத்தர் சரியாக மிதிக்கிறாரா என்று அண்ணாவியார் அதில்தான் கண்டுகொள்வார். கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணி. பாரத, இராமாயணப் போர்க்கதைகளின் வடமோடியில் வேகமும் வீரமும் முன்னுக்கு வரும். தென்மோடியில் பாட்டு நீண்டு இழுபடும், மத்தளத்தின் நுணுக்கம் கூடும். இரண்டையும் பிரித்தறியக் காதுதான் வேண்டும். உடுப்பைப் பார்த்துச் சொல்வது இரண்டாம் பட்சம்.

இப்படியொரு வட்டத்தை, முன்னுக்கு ஒரு கெமராவை வைத்து அதன் தலையில் ஒரு மைக்கைப் பூட்டி எடுத்தால் என்ன ஆகும்? கூத்தர் இந்தப் பக்கம் வரும்போது பாட்டு முட்டும், மறுபக்கம் போனதும் மறையும். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனபோது, சனம் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் என்பதற்கேற்ப ஆட்டத்தையும் பாட்டையும் திருத்தி அமைத்தார்கள். ஸ்டுடியோக்காரர்கள் அந்தத் திருத்தம் ஒன்றுமில்லாமல் வட்டக்களரியை மேடையாக நினைத்து எடுக்கிறார்கள்.

நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட குறைகளை, அவற்றின் காரணத்தோடு சொல்கிறோம்.

முதலாவது, ஒலி மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்குவது. இது கெமராவின் ஓட்டோ கெயின் செய்கிற வேலை. பறை ஒரு அடி விழுந்ததும் கெமரா ஒலி மட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அடுத்த ஒன்றிரண்டு செக்கனுக்குப் பாட்டுக் காணாமல் போகும். பிறகு மெல்ல ஏறி வரும்போது அடுத்த அடி. குளிர்த்திப் படங்களில் பாட்டின் சொல் விளங்காமல் போவதற்கு முக்கிய காரணம் இது. ஓட்டோவை நிறுத்தி, கையால் மட்டம் வைத்து, ஆக உரத்த அடி கெமராவின் ஒலி அளவுகாட்டியில் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாதபடி பார்த்துக்கொண்டால் போதும். சத்தம் குறைவாகப் பதிந்ததைப் பின்னர் ஏற்றலாம். மட்டம் மீறி வெட்டுப்பட்டதை ஒட்ட முடியாது.

32 பிட் ஃப்ளோட் ரெக்கோடர் வைத்திருக்கிறோம், மட்டமே வைக்கத் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. பதிவுப் பக்கத்தில் வெட்டுப்படாது, சரி. ஆனால் அந்தச் சின்ன ரெக்கோடரின் மைக் தாங்கும் சத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பலவற்றில் 120 டெசிபெல். பறைக்கு ஒரு முழத்தில் கொண்டுபோய் நீட்டினால் மைக்கே திணறும். அந்தக் கரகரப்பை எந்தப் பிட்டும் காப்பாற்றாது. பறைமேளத்துக்கு மூன்று நான்கு மீற்றர் தள்ளி, ஆள் உயரத்துக்கு மேலே வைப்பதுதான் மருந்து. சொர்ணாளி பறையோடு சேர்ந்து கேட்பதும் அந்தத் தூரத்தில்தான்.

இரண்டாவது, சவுண்ட்காரரின் மிக்சரிலிருந்து எடுத்த லைனை மட்டும் நம்புவது. இது கேட்க மிகத் துப்புரவாக இருக்கும், அதனால் ஸ்டுடியோக்களுக்குப் பிடிக்கும். ஆனால் மைக்குக்கு முன்னால் நின்ற குரல் மட்டும்தான் அதில் இருக்கும். மத்தளத்துக்கு மைக் இல்லையென்றால் மத்தளம் இல்லை. பிற்பாட்டு எங்கோ தூரத்தில். சனம் அறவே இல்லை. பல களரிகளில் மேலே பந்தலில் மைக் தொங்கவிட்டிருப்பார்கள். கூத்தர் அதன் கீழ் வரும்போது மட்டும் குரல் வந்து போகும். மிக்சர் லைனும் வேண்டும், களரியில் தனியாக ஒரு ஸ்டீரியோ ரெக்கோடரும் வேண்டும். இரண்டையும் கலந்தால்தான் கூத்துக் கேட்கும்.

லைன் எடுக்கும்போது இரண்டு இடத்தில் பிசகும். மிக்சர் தருவது லைன் மட்டம், கெமராவின் ஓட்டை எதிர்பார்ப்பது மைக் மட்டம். நேரே செருகினால் முழுதும் கரகரக்கும். லைன் இன்புட்டுக்கு மாற்ற வேண்டும், அது இல்லாவிட்டால் 20 முதல் 40 டெசிபெல் குறைக்கும் பேட் ஒன்றை இடையில் போட வேண்டும். மற்றது, ஜெனரேட்டரில் ஓடும் ஒலிபெருக்கியோடு கெமராவை இணைத்ததும் வரும் "உம்" என்ற இரைச்சல். அதற்கு ஐசொலேட்டர் அல்லது டிஐ பெட்டி ஒன்று பையில் இருந்தால் வேலை முடிந்தது. அது இல்லாத இடத்தில் கெமராவை பற்றரியில் ஓட்டினாலே பாதி இரைச்சல் போய்விடும்.

களரியில் ரெக்கோடரை எங்கே வைப்பது? நிலத்தில் வைத்தால் மிதிக்கும் அதிர்வுதான் வரும். களரியைச் சுற்றி நட்ட கம்பு ஒன்றில் இரண்டரை மீற்றர் உயரத்தில், நடுவில் நிற்கும் அண்ணாவியாரை நோக்கி, இரப்பர் பிடிப்பானோடு கட்டுவது நல்லது. குழாய் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதன் வாய்க்கு நேரே இருக்கும் கம்பைத் தவிர்க்க வேண்டும். குழாய் ஒலிபெருக்கி அடிச்சத்தத்தை எடுக்காது. மத்தளத்தின் இடந்தலை அதில் தட்டையாகிவிடும், அதைப் பதிந்தால் தகரத்தில் தட்டியது போலிருக்கும். கூத்தர் இடுப்பில் வயர்லெஸ் மைக் கட்டும் முயற்சியை நாங்கள் ஆதரிக்கவில்லை. உடுப்பு உரசும், வியர்வை இறங்கும், விடிய விடிய ஆடுகிறவருக்கு அது தொல்லை.

மூன்றாவது, காற்று. சடங்குக் காலம் கச்சான் காற்று அடிக்கும் காலம். திருக்கோவில், தம்பிலுவில், காரைதீவுப் பக்கம் பின்னேரமானால் கடலும் சேர்ந்துகொள்ளும். மைக்கோடு வரும் ஸ்பொஞ்சு இதற்கு ஆகாது. உரோமம் வைத்த உறை போட வேண்டும், அதோடு ரெக்கோடரில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள சத்தத்தைக் குறைக்கும் "லோ கட்" வசதியையும் போடலாம். பறைக்கு மட்டும் அந்த வசதியைப் போடாமல் விட்டு, பிறகு எடிட்டிங்கில் தேவையானால் வெட்டுவதே எங்கள் விருப்பம்.

நான்காவது, கால் மிதிப்பதும் சதங்கைச் சத்தமும் பொருந்தாமல் இருப்பது. இதைச் சாதாரணமாகப் பார்ப்பவர் "என்னவோ மாதிரி இருக்கு" என்பார், காரணம் சொல்லத் தெரியாது. ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 345 மீற்றர்தான் ஓடும். 20 மீற்றர் தள்ளி நிற்கும் கெமராவுக்குச் சதங்கைச் சத்தம் 58 மில்லிசெக்கன் பிந்தி வரும். 25 பிரேமில் ஒரு பிரேம் 40 மில்லிசெக்கன், ஆக ஒன்றரை பிரேம் பிசகு. களரியில் கட்டிய ரெக்கோடரின் ஒலியைப் போட்டால் இது தீர்ந்துவிடும், ஆனால் வேறொன்று தொடங்கும். கெமராவின் கடிகாரமும் ரெக்கோடரின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாது. பத்து இலட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 72 மில்லிசெக்கன் விலகும். விடியும்வரை ஓடும் கூத்தில் அது அரைச் செக்கனைத் தாண்டும். தொடக்கத்தில் ஒரு கைதட்டு மட்டும் போதாது. மணிக்கு ஒரு தடவை கெமராவுக்குத் தெரியும்படி கைதட்ட வேண்டும், எடிட்டிங்கில் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாகப் பொருத்த வேண்டும்.

பழைய கெமராக்கள் சில 29 நிமிடம் 59 செக்கனில் தானாக நின்றுவிடும். கெமராக்காரர் கவனித்து மீண்டும் அழுத்துவதற்குள் ஒரு வரவே போய்விடும். ரெக்கோடர் ஓடிக்கொண்டிருந்தால் பாட்டாவது மிஞ்சும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ வேவ் (சுருக்காத ஒலிக் கோப்பு) மணிக்கு ஏறக்குறைய 1 ஜீபீ. எட்டு மணி நேரக் கூத்து முழுவதும் 9 ஜீபீக்குள் அடங்கும். அதே இரவில் 100 எம்பிபிஎஸ் 4கே படம் ஒரு கெமராவுக்கு மணிக்கு 45 ஜீபீ தின்னும். இடம் காணாது என்று ஒலியை வெட்டுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

எடிட்டிங் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. தொகுப்பின் முதல் ஐந்து நிமிடம் ட்ரோன் காட்சி, மேலே ஒரு சினிமா பக்திப்பாட்டு. தேர் அசைகிறது, பறை அடிக்கிறார்கள், அடிக்கும் கை தெரிகிறது, கேட்பது தென்னிந்திய ஸ்டுடியோவில் பதிந்த ஓர் ஓகன். இசையைத் தேடி வந்தவருக்கு இதைவிட அநியாயம் இல்லை. அதோடு அந்தப் பாட்டின் உரிமைக்காரர் கோரினால் யூடியூபும் முகநூலும் ஒலியை அடைத்துவிடும், அல்லது படத்தையே எடுத்துவிடும். அப்போது குளிர்த்தியும் சேர்ந்து போகும். "மேலே எந்தப் பாட்டும் போட வேண்டாம், அந்த இடத்துச் சத்தமே வேண்டும்" என்று எழுத்தில் கொடுங்கள்.

இரண்டு மணித்தியாலத்துக்குச் சுருக்குவதும் அப்படித்தான். கூத்தில் ஒரு பாத்திரத்தின் வரவு என்பது தாளம் தொடங்கி, ஏறி, முடியும் ஒரு முழு இசை. அதை முப்பது செக்கனாக நறுக்கினால் உடுப்புக் காட்சிதான். சுருக்கம் வேண்டுமென்றால் அரசன் வருவதை அறிவிக்கும் கட்டியகாரன் வரவும், ஓர் அரசன் வரவும், இருவர் வாதாடும் ஒரு தர்க்கப் பாட்டும் வெட்டாமல் முழுதாக இருக்கட்டும், மிச்சத்தை விட்டுவிடலாம். நேரலையை ஆவணமாக எண்ணவும் வேண்டாம். அதில் ஒலியை இறுக்கி அனுப்புவார்கள். சல்லரியும் சதங்கையும்தான் முதலில் நொறுங்கும். கைபேசியிலிருந்து நேரலை விட்டால், அதன் இரைச்சல் நீக்கி விடாமல் அடிக்கும் சல்லரியையே இரைச்சல் என்று எடுத்து அமுக்கப் பார்க்கும். அதன் அமைப்பில் நிறுத்தலாம், பலர் நிறுத்துவதில்லை.

ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவு வேண்டும். அது இருந்தாலும் பாட்டு நடக்கும் நேரத்தில் மேலே விடக் கூடாது. தேருக்கும் தீர்த்தத்துக்கும் விடுங்கள், குளிர்த்திக்கு நிறுத்துங்கள். அந்த இரைச்சல் குரல் இருக்கும் அலைவரிசைக்குள்ளேயே நிற்பதால் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

இந்தச் சேவையின் இன்னொரு குறை, அது எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. காசு கொடுக்கும் பெரிய கோயில்களுக்குத்தான் கெமரா வருகிறது. பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலின் 18 நாள் விழாவில் தீமிதிப்பு ஏராளமாகப் பதிவாகியிருக்கிறது. அதற்கு முந்தைய நாட்களின் பாட்டும் படிப்பும் குறைவு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலின் 12 நாள் கொடியேற்றத்தில் கொடி ஏறுவதைக் காண்கிறோம். பக்கீர்மார் றபான் என்ற கைப்பறை அடித்துப் பாடுவதை ஒரு முழுப் பாட்டாகக் காண்பது அரிது. அம்பாறைக் கரையின் முஸ்லிம்கள் ஆடும் கோலாட்டம் போன்ற பொல்லடி கலியாண வீடியோவுக்குள் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. பொல்லடியில் பொல்லோடு பொல்லு முட்டும் ஓசைதான் தாளம், பாட்டு அதன்மேல் நிற்கிறது. போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரின் கபறிஞ்ஞா ஆடலிசையும் அப்படியே. வயலினும் பாஞ்சோவும் 6/8 தாளமும், போர்த்துக்கேயக் கிரியோல் சொற்களும். கலியாண வீட்டு மண்டபத்துக்குள் எடுத்த பதிவுகளில் இதன் ஒலி திறந்தவெளிக் கூத்தைவிட நன்றாகவே இருக்கிறது, காற்று இல்லை என்பதால். மட்டக்களப்பு இசை என்றால் கூத்து மட்டும் என்று நினைத்து வருகிறவர் பக்கீர் பாட்டு, பொல்லடி, கபறிஞ்ஞா ஆகிய மூன்றையும் தேடிக் கேட்க வேண்டும்.

முன்பதிவு செய்யும்போது கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாரிடமும் அம்மன் கோயில் பூசகரான கப்புகனாரிடமும் எதை எடுக்கலாம், எங்கே நிற்கலாம் என்று முதலில் கேளுங்கள். சில சடங்குகளில் உள்ளே கெமரா போகக் கூடாது. ஆனால் முன்றலில் ஒரு ரெக்கோடர் வைக்க இடம் தருவார்கள். பறை அடிப்பவர்களிடமும் அண்ணாவியாரிடமும் தனியே கேட்க வேண்டும். பல படங்களில் உபயகாரர் பெயர் மூன்று தடவை வருகிறது, அடித்தவர் பெயர் ஒரு தடவையும் இல்லை. ஊர், திகதி, கூத்தின் பெயர், மோடி, அண்ணாவியார், மத்தளம், சல்லரி, பிற்பாட்டு: இவ்வளவும் எழுத்தாகப் படத்தில் வர வேண்டும். பெயர் இல்லாத பதிவைப் பத்து வருடத்துக்குப் பிறகு யாராலும் அடையாளம் காண முடியாது.

விலை பெரும்பாலும் கெமரா எண்ணிக்கையோடு ஏறும். மூன்றாவது கெமராவை விட்டுவிட்டு அந்தக் காசுக்கு ஒலிக்கென்று ஒரு ஆளைக் கேட்பது எங்கள் பரிந்துரை. ஹெட்போன் போட்டுக்கொண்டு இரவு முழுதும் கேட்டுக்கொண்டிருக்க ஓர் ஆள். வேறு வேலை அவருக்கு வேண்டாம்.

வேலை முடிந்து பென் டிரைவ் தரும்போது மிச்சக் காசைக் கொடுக்குமுன் அங்கேயே ஹெட்போனில் மூன்று இடம் கேளுங்கள்: பறை உரத்து அடிக்கும் இடத்தில் பாட்டு அமுங்குகிறதா, கூத்தர் மறுபக்கம் போனபோது குரல் நிற்கிறதா, கடைசி மணியில் சதங்கையும் காலும் சேர்கிறதா. தொகுப்பு எம்பி4 தவிர, வெட்டாத வேவ் கோப்புகளையும் மிக்சர் லைன் கோப்பையும் தனித்தனியாக வாங்குங்கள். பென் டிரைவ் ஃபாட் 32 ஆக இருந்தால் 4 ஜீபீக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபாட்டாக மாற்றித் தரச் சொல்லுங்கள். ஸ்டுடியோக்கள் மூலப் பதிவை அடுத்த கலியாண வேலை வந்ததும் அழித்துவிடும் என்பதால், ஹார்ட் டிஸ்க் ஒன்றை நீங்களே கொண்டுபோய் அன்றைக்கே பிரதி எடுத்துக்கொள்வது நல்லது. ஒரு பிரதியைக் கோயிலிலும் இன்னொன்றை அண்ணாவியார் வீட்டிலும் கொடுத்துவிடுங்கள்.